பிந்தி வரும் சிரிப்பு

‘அளவு சரியில்லை’ நாடகத்தின் ஐந்தாவது சீசன் வரப்போகிறது என்று அவளிடம் முதலில் சொன்னது பீங்கான்தான். செயற்கைப் பற்கள் செய்யும் லேபில் அவளுக்குப் பக்கத்து மேசைப் பெண். பல்லின் மேல் பீங்கான் பூச்சுப் போட்டுச் சூளையில் வைத்து எடுக்கிற வேலை என்பதால் அந்தப் பெயர். அவளுக்கும் அங்கே ஒரு பெயர் இருந்தது. கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளத்தை மெழுகில் செதுக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதனால் கடைவாயக்கா.

“அக்கா, உங்க டெய்லர் திரும்பி வர்றாரு. அடுத்த வெள்ளிக்கிழமை ஏழரைக்கு.”

அவள் மெழுகுக் கத்தியைச் சுடரில் காட்டிக்கொண்டிருந்தாள். “வரட்டும்.”

“பாக்க மாட்டீங்களா?”

“யார்கூடப் பாக்கிறது?”

பீங்கான் சூளைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் அவளும் கணவரும் மட்டும்தான். பிள்ளைகள் இல்லை. கணவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்துக் குறித்து வருபவர். ஒரு நாளைக்கு நாற்பது வீட்டுப் படி ஏறி இறங்குவார். நாற்பது வீட்டுக் கதையோடு திரும்புவார். ஒன்றே முக்கால் வருடத்துக்கு முன்னால், யாருடைய கட்டடத்திலோ மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. கடைசி மீட்டர் எண்ணைக்கூடச் சரியாக எழுதிவிட்டுத்தான் உட்கார்ந்தார் என்று கூட வேலை பார்த்தவர் வந்து சொன்னார். அதைச் சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று அவர் ஏன் நினைத்தார் என்பது அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த நாடகத்தின் நாலு சீசனையும் இரண்டு பேரும் ஒரு எபிசோடு விடாமல் பார்த்திருந்தார்கள். ஒரு டெய்லர், கத்தரிக்கோலைவிடக் கூர்மையான நாக்குள்ள அவர் மனைவி, தைத்துக் கொடுத்த எதையும் “அளவு சரியில்லை” என்று திருப்பிக் கொண்டுவரும் மாடி வீட்டுக்காரர். பாதி நேரம் சிரிப்பு, பாதி நேரம் அழுகை. கூடத்தில் ஆட்களை உட்கார வைத்து, அவர்கள் முன்னால் நடித்துப் படம்பிடித்த நாடகம். அதனால் டெய்லர் வாயைத் திறந்ததும் நூறு பேர் சிரிப்பது கேட்கும்.

அந்தச் சிரிப்புதான் அவளுக்குச் சிக்கல். ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் இடது காது போய்விட்டது. ஒற்றைக் காதுக்கு ஒரு பேச்சு என்றால் ஒரு பேச்சுதான். நாலு சத்தம் கலந்தால் எல்லாம் கூழாகிவிடும். எல்லோரும் சிரிக்கும்போது டெய்லர் என்ன சொன்னான் என்பது அவளுக்குக் கிடைக்காது. அதனால் கணவர் எப்போதும் அவளுடைய வலப்பக்கம் உட்காருவார். “என்ன சொன்னான்?” என்று அவள் கேட்பாள். அவர் குனிந்து காதில் சொல்வார். அவள் சிரிப்பாள். அதற்கப்புறம்தான் அவர் சிரிப்பார். முதலில் சைக்கிள் டியூபில் காற்று இறங்குவது போல ஒரு சீறல், ஒரு சின்ன நிறுத்தம், பிறகு டியூபே வெடித்தது போல ஒரு சத்தம். தெரு முழுக்கக் கேட்கும்.

பார்ப்பதில்லை என்று இருந்தவள் அந்த வெள்ளிக்கிழமை ஏழு இருபத்தெட்டுக்கு டிவியைப் போட்டாள். வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது, அதுதான் காரணம். காதில் சொல்ல ஆளில்லாததால் திரையின் கீழே எழுத்து ஓடும்படி வைத்துக்கொண்டாள்.

நாடகம் பழைய மாதிரி இல்லை. டெய்லரின் மனைவியாக நடித்தவள் விலகிவிட்டாள் போல. அந்தப் பாத்திரம் செத்துப்போய்விட்டதாக ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டார்கள். கடையில் புதிதாக ஒரு தையல் மெஷின், புதிதாக ஒரு பக்கத்து வீட்டுக்காரி. எழுத்தில் படிக்கும்போது நகைச்சுவை எல்லாம் ஆறிப்போன டீ மாதிரி இருந்தது. எழுந்து போய்ப் பாத்திரத்தைக் கழுவலாம் என்று நினைத்தாள்.

அப்போது மாடி வீட்டுக்காரர் சட்டையோடு உள்ளே வந்து எதையோ சொன்னார். நூறு பேர் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியது. அடங்கிய பிறகு, தனியாக, ஒரு சீறல். ஒரு சின்ன நிறுத்தம். பிறகு அந்தச் சத்தம்.

அவள் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். சோபாவின் அந்த ஓரத்தில் மடித்து வைத்த துண்டு மட்டும் இருந்தது.

*

நாடகம் போனிலும் கிடைக்கும். அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். இருபது தடவை கேட்டபின் சந்தேகம் போய்விட்டது. அவரேதான். இரண்டாவது சீசனின்போது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பாஸ் கிடைத்து இருவரும் படப்பிடிப்பைப் பார்க்கப் போயிருந்தார்கள். மூன்று மணிநேரம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குச் சிரித்ததை எடுத்து வைத்திருக்கிறார்கள். அதை இப்போது போடுகிறார்கள். அறிவுக்கு இது புரிந்தது. உடம்புக்குப் புரியவில்லை.

மறுநாள் லேபில் சொன்னாள்.

“பிரமை அக்கா,” என்றாள் பீங்கான். “எங்கம்மா போனப்போ எனக்கும் ஆறு மாசம் கொலுசுச் சத்தம் கேட்டுச்சு. அவங்க கொலுசே போட்டதில்ல.”

“இது பிரமை இல்ல. நீயே கேளு.”

பீங்கான் கேட்டாள். அவள் அவரைப் பார்த்தது இரண்டே முறை. “யாரோ ஒருத்தர் லேட்டா சிரிக்கிறாரு,” என்றாள். பிறகு பேச்சை மாற்றினாள். “அதை விடுங்க, எபிசோடு எப்படி? எனக்கு ரொம்ப மோசம். அந்தம்மா இல்லாம டெய்லர் வெறும் அட்டைப்படம்.”

“அவ்வளவு மோசம்னு சொல்ல முடியாது.”

“நீங்களா சொல்றீங்க? டெய்லர் அதைச் சொன்னார், இதைச் சொன்னார்னு நீங்க சொல்ற டயலாக்குல பாதி நான் பாத்த நாடகத்துல வந்ததே இல்ல. ஆனா அதையெல்லாம் கேட்டாவது சிரிப்பு வரும். இதுல அதுவும் இல்லையேக்கா.”

அவளுக்கும் அதே கருத்துதான். ஆனால் அந்த மோசமான நாடகத்துக்குள் எங்கேயோ அவர் உட்கார்ந்திருக்கிறார். அதை எப்படித் திட்டுவது? உறவுக்காரர் நடத்தும் கடையில் வாங்கிய துணி மாதிரி, சாயம் போனாலும் வாயைத் திறக்க முடியவில்லை.

இரண்டாவது எபிசோடில் அவர் வரவில்லை. அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவதில் நாலு தடவை வந்தார். அன்றைக்கு அவளுக்குப் பயமாக இருந்தது.

யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

நாத்தனார் கணவரின் அக்கா. பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். தாயில்லாத தம்பியை ஆறு வயதிலிருந்து அவர்தான் வளர்த்தார். படுக்கை விரிப்பின் நாலு மூலையும் ஒரே மாதிரி மடங்கியிருக்க வேண்டும் என்பார். தம்பி இறந்த அன்று அவர் அழுது யாரும் பார்க்கவில்லை. வந்த செருப்புகளையெல்லாம் ஜோடி சேர்த்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு மாதம் ஒரு போன், “நல்லா இருக்கியா, வச்சிடவா” என்பதோடு சரி.

“டிவி பாக்க நான் பஸ் ஏறி வரணுமா?” என்றார் நாத்தனார்.

“ஒரு தடவை வாங்க அண்ணி. போன்ல சொன்னா உங்களுக்குப் புரியாது.”

வந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு, விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நாலாவது எபிசோடு ஓடியது. “யாரு இவன்? ஏன் கத்துறான்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதினேழாவது நிமிடத்தில் அந்தச் சிரிப்பு வந்தது.

நாத்தனார் எழுந்துவிட்டார். பை கீழே விழுந்தது. டிவிக்குப் பக்கத்தில் போய் அதன் ஓரத்தில் கையை வைத்தார், காய்ச்சல் பார்ப்பது போல.

“டேய்,” என்றார். “எங்கடா இருக்க?”

பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். ஒன்றே முக்கால் வருடத்து அழுகை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் கீழே விழுந்த பையிலிருந்து சிதறியவற்றைப் பொறுக்கி உள்ளே போட்டுக்கொண்டிருந்தாள்.

*

அதிலிருந்து வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கே நாத்தனார் வந்துவிடுவார். கையில் ஒரு பிஸ்கட் பொட்டலம் இருக்கும். கதை என்ன, யார் யார் என்ற கவலை அவருக்கு இல்லை. பேசுகிறவர்களைப் பார்த்து, “சீக்கிரம் சொல்லி முடிங்கடா” என்பார். மற்றவர்கள் சிரித்து ஓய்ந்ததும் கையை உயர்த்தி, “உஷ்” என்பார். வந்தால் முகம் மலரும். வராவிட்டால், “அடுத்து வருவான்” என்பார்.

இரண்டு பேரும் இருபது வருடத்தில் பேசாததை அந்த வெள்ளிக்கிழமைகளில் பேசினார்கள். சின்ன வயதில் கணவர் வாலாட்டியது, கணக்கில் தவறியதை மறைத்தது, சைக்கிள் பழகியது. அதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மற்ற ஆறு நாட்கள்தான் அவளை ஆட்டிவைத்தன.

லேபில் காற்றழுத்த மெஷின் நிற்கும்போது ஒரு சீறல் வரும். ஒவ்வொரு முறையும் அவள் கை நின்றுவிடும், அடுத்ததற்குக் காத்திருந்து. வீட்டில் டீ போட்டால் இரண்டு கப்பில் ஊற்றியிருப்பாள். கட்டிலில் அவள் இன்னும் இடது ஓரத்தில்தான் படுத்தாள். நடுவில் படுக்க உடம்பு வரவில்லை. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அவளை அரித்தது வேறு. அவர் எதற்குச் சிரிக்கிறார் என்பதுதான். எழுத்தில் அவள் படித்த ஒவ்வொரு நகைச்சுவையும் சப்பென்று இருந்தது. இதற்குப் போய் இப்படிச் சிரிக்கிற ஆள் இல்லை அவர். செத்த பிறகு மனுஷனுக்கு ரசனை கெட்டுவிடுமா?

“இதுக்கா சிரிக்கிறீங்க?” என்று ஒரு நாள் வலப்பக்கம் பார்த்துக் கேட்டே விட்டாள். நாத்தனார் பிஸ்கட்டோடு திரும்பிப் பார்த்தார்.

ஆறாவது எபிசோடில் டெய்லரும் மாடி வீட்டுக்காரரும் கடை வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மனைவி இல்லாமல் எப்படி இருக்கிறது என்று மாடி வீட்டுக்காரர் கேட்டார். டெய்லர் யோசித்தார். திரையின் கீழே எழுத்து ஓடியது: ‘ஒண்ணு சொல்லட்டுமா? முப்பது வருஷத்துல முதல் தடவையா கட்டில்ல நடுவுல படுக்கிறேன்.’

நூறு பேர் சிரித்தார்கள். அடங்கினார்கள். சீறல். நிறுத்தம். பிறகு அவர், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி.

“பாத்தியா!” என்றார் நாத்தனார். “இன்னிக்கு நல்லாச் சிரிக்கிறான்.”

அவள் டிவியை அணைத்தாள்.

“ஏன் அணைச்ச?”

“அந்தப் பேச்சுக்கு அவர் சிரிக்க மாட்டார் அண்ணி.”

“சிரிச்சானே. என் காதால கேட்டேன்.”

“அது அன்னிக்கு வேற எதுக்கோ சிரிச்சது. அதைக் கொண்டுவந்து இங்க ஒட்டியிருக்காங்க.”

“எதுக்கா இருந்தா என்ன? வாரத்துல ஒரு தடவை அவன் சத்தம் கேக்குது. அது உனக்குப் பொறுக்கலையா?”

“செத்துப்போன பொண்டாட்டியை வச்சு ஒருத்தன் கிண்டல் பண்றான். அதுக்கு இவர் இப்படிச் சிரிக்கிறார். நான் எப்படி உக்காந்து கேக்கிறது?”

“செத்தது நீ இல்லையே,” என்றார் நாத்தனார். “அவன்தானே.”

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பிரிக்காத பிஸ்கட் பொட்டலம் மேசையில் கிடந்தது.

*

திங்கட்கிழமை அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, நாடகம் எடுக்கும் ஸ்டூடியோவுக்குப் போனாள். வாசலில் ஒருவர் உள்ளே விடமாட்டேன் என்றார். “உங்க நாடகத்துல என் வீட்டுக்காரர் சிரிக்கிறாரு. அதைப் பத்திப் பேசணும்,” என்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். எங்கெங்கோ போன் செய்து, கடைசியில் இரண்டாம் மாடியில் சவுண்ட் ரூம் என்றார்.

ஜன்னல் இல்லாத அறை. சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு ஒட்டியிருந்தது. உள்ளே போனதும் தன் மூச்சே அவளுக்குப் பெரிதாகக் கேட்டது. சவுண்ட் எடிட்டருக்கு நாற்பது வயதிருக்கும். கழுத்தில் ஹெட்போன், கையில் பாதி சாப்பிட்ட பிரெட். அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் விரிந்தது.

“லேட்டா சிரிப்பாரே, அவரா? கடவுளே! எங்களுக்கு அவரை நல்லாத் தெரியும்மா. நாங்க அவருக்குப் பேரே வச்சிருக்கோம். லேட் சார்!”

இறந்தவர் பெயருக்கு முன்னால் போடுகிற அந்த ‘லேட்’ அவளை நெஞ்சில் குத்தியது. “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள்.

“எது?”

“அவர் இறந்துட்டது.”

அவர் பிரெட்டைக் கீழே வைத்தார். ஹெட்போனைக் கழுத்திலிருந்து கழற்றினார்.

“தெரியாதும்மா,” என்றார். “லேட்டா சிரிக்கிறார்னுதான் அப்படி வச்சோம். சத்தியமா தெரியாது. மன்னிச்சிடுங்க.”

பிறகு மெதுவாக விளக்கினார். இந்த சீசனில் ஆட்களை உட்கார வைத்து எடுக்கவில்லை. பழைய சிரிப்புகளை எடுத்துத்தான் ஒட்டுகிறார்கள். “உள்ளதைச் சொல்றேன், இந்த சீசன் எனக்கே பிடிக்கல. காமெடி படுத்துடுச்சுன்னா ‘லேட் சாரைப் போடு’ன்னு டைரக்டரே சொல்வார். எல்லாரும் சிரிச்சு முடிச்சப்புறம் ஒருத்தர் தனியா சிரிச்சா, நமக்குத்தான் புரியலையோன்னு பாக்கிறவங்களும் சேர்ந்து சிரிப்பாங்க.”

“அந்தக் கட்டில் பேச்சுக்கும் போட்டிருக்கீங்க.”

அவர் தலை குனிந்துகொண்டார்.

“அவர் ஏன் லேட்டா சிரிச்சார்னு நாங்க பல தடவை யோசிச்சிருக்கோம்,” என்றார் பிறகு. “உங்க மூணாவது வரிசைக்கு மேலயே ஒரு மைக் இருந்துச்சு. முழு ரெக்கார்டிங்கும் இருக்கு. கேக்கிறீங்களா?”

ஹெட்போனை வாங்கி வலது காதில் அழுத்திக்கொண்டாள்.

முதலில் நாற்காலிகள் இழுபடும் சத்தம். இருமல். பிறகு தூரத்தில் டெய்லரின் மனைவி பேசினாள்: “நீங்க வாயில குண்டூசி வச்சிருக்கும்போதுதான் இந்த வீடு அமைதியா இருக்கு.” கூட்டம் சிரித்தது. அதன் நடுவே மிக அருகில் ஒரு பெண் குரல், “என்ன சொன்னா?” அவளுடைய குரல். எட்டு வயது குறைந்த குரல்.

பிறகு அவர். காதோடு பேசும் குரல். “‘பல்லைக் காட்டாதீங்க, அளவெடுத்துடுவேன்’ங்கிறா.”

பெண் குரல் சிரித்தது. சீறல். நிறுத்தம். வெடி.

அவளுக்கு விளங்கவில்லை. “அவ அப்படிச் சொல்லலையே,” என்றாள்.

சவுண்ட் எடிட்டர் அடுத்ததை ஓட்டினார். மேடையில் டெய்லர் ஒரு குண்டு மனிதரை அளந்தபடி, “சார், உங்களுக்கு டேப் பத்தாது, நிலம் அளக்கிறவரைக் கூப்பிடணும்” என்றார். கூட்டம் சிரித்தது. “என்ன சொன்னான்?” என்றாள் அன்றைய அவள். அவர் சொன்னார்: “‘இந்தத் தையலை எங்கக்கா பாத்தா, சட்டையோட சேர்த்து டெய்லரையும் பிரிச்சு, நாலு மூலையும் மடிச்சு அலமாரியில வச்சிடுவா’ங்கிறான்.”

மூன்று மணிநேரத்தில் இப்படி முப்பது நாற்பது இடம். ஒன்றில்கூட மேடையில் சொன்னதை அவர் சொல்லவில்லை. எல்லாம் அவரே அந்தக் கணத்தில் கட்டியது. கூட்டம் சிரித்து முடித்த ஒன்றை ஆறிப்போனபின் திருப்பிச் சொன்னால் சிரிப்பு வராது என்று நினைத்தாரோ என்னவோ. ஒவ்வொரு தடவையும் அவளுக்கென்று சூடாகப் புதிதாக ஒன்று. அவள் சிரிக்கிறாளா என்று பார்த்துவிட்டு, பிறகே அவர் சிரித்தார். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட இதைச் சொன்னதில்லை.

ஹெட்போனைக் கழற்றியபோது அவள் கன்னம் நனைந்திருந்தது. சவுண்ட் எடிட்டர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன செய்யணும்னு சொல்லுங்கம்மா. எல்லா இடத்துலயும் எடுத்துடவா?”

“வேண்டாம். வீட்டுல ஒருத்தங்க அதுக்காகவே பஸ் ஏறி வர்றாங்க. அந்தக் கட்டில் பேச்சுல மட்டும் எடுத்துடுங்க.”

“ஒளிபரப்பு முடிஞ்சுடுச்சு. ஆனா இனிமே போடுறதுல இருக்காது. இது என் பொறுப்பு.” பிறகு தயங்கினார். “ஃபைலை வெளிய கொடுக்கக் கூடாதும்மா. ஆனா நான் அவர் பேசின இடங்களை மட்டும் சேர்த்து ஸ்பீக்கர்ல போட்டுட்டு டீ குடிக்கப் போகப்போறேன். உங்க போன் மேசை மேல இருந்தா எனக்கென்ன தெரியும்?”

*

அந்த வாரம் பழைய சீசன்களை எழுத்தோடு பார்த்தாள். முன்பு விழுந்து விழுந்து சிரித்த இடங்கள் எல்லாம் வந்தன. அவள் நினைவில் இருந்த ஒரு வரிகூட வரவில்லை. டெய்லர் சாதாரணமாக ஏதோ சொன்னார், கூட்டம் சாதாரணமாகச் சிரித்தது. நாலு சீசனும் பார்த்தவள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவள், இந்த நாடகத்தைப் பார்த்ததே இல்லை. அவள் பார்த்தது வேறொன்று. அதை எழுதியவர் ஒன்றே முக்கால் வருடத்துக்கு முன்னால் போய்விட்டார்.

“அப்போ இந்த சீசன் நல்லா இருக்கா இல்லையா? தீர்ப்பைச் சொல்லுங்க,” என்றாள் பீங்கான்.

“எனக்குச் சொல்லத் தெரியலடி,” என்றாள் அவள். உண்மையாகவே தெரியவில்லை.

ஏழாவது எபிசோடுக்கு நாத்தனார் வரவில்லை. அன்றைக்குச் சிரிப்பும் வரவில்லை. எட்டாவது, கடைசி எபிசோடுக்கு, சண்டையே நடக்காதது போல ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்தார். கையில் பிஸ்கட். டெய்லர் கடையை மூடினார். மாடி வீட்டுக்காரர் முதல் முறையாக “அளவு சரியா இருக்கு” என்றார். எல்லோரும் அழுதார்கள், சிரித்தார்கள். ஒவ்வொரு சிரிப்பு அடங்கும்போதும் நாத்தனார் கையை உயர்த்தினார். பெயர்கள் ஓடி முடிந்து விளம்பரம் வந்தது. கை அப்படியே நின்றது.

“வரலையே,” என்றார்.

“ஆமா அண்ணி.”

“போன வாரம்? நான் வரலைன்னு…”

“போன வாரமும் வரல.”

நாத்தனார் அவளைப் பார்த்தார். விடுதியில் சுவர் ஏறிக் குதித்த பெண்களைப் பார்த்த பார்வை. “நீ என்ன பண்ணின?”

அவள் ஸ்டூடியோவுக்குப் போனதைச் சொன்னாள். ஒரே ஒரு இடத்தில்தான் எடுக்கச் சொன்னேன் என்றாள். நாத்தனார் நம்பவில்லை. அவர் முன்னாலேயே, சவுண்ட் எடிட்டர் கொடுத்திருந்த நம்பருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“நீங்க சொன்ன மாதிரி ஒண்ணை மட்டும்தான் எடுக்கணும்னு நினைச்சேன்மா,” என்றது குரல். “ஆனா அதுக்கப்புறம் அவரை எடுத்து எங்கயும் வைக்க எனக்குக் கை வரல. முன்னாடி அது ஒரு சத்தம். இப்போ ஆளாயிட்டாரு.”

போனை வைத்ததும் நாத்தனார் சொன்னார்: “நீ போகாம இருந்திருந்தா அவன் இன்னிக்கு வந்திருப்பான்.”

அது உண்மை. அந்த ரெக்கார்டிங் அவள் போனில்தான் இருந்தது. பத்து நாளாக அதை நாத்தனாருக்குக் காட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அதில் ‘எங்கக்கா’ ஒரு தடவையா இரண்டு தடவையா வருகிறாள்! சட்டை மடிப்பவளாக, மூச்சு விடவும் மணியடிப்பவளாக, சோற்றுப் பருக்கையை வரிசையில் நிறுத்துபவளாக. வளர்த்தவளுக்குக் கடைசியாகக் கேட்கக் கிடைக்கும் தம்பியின் குரல் அவளையே கேலி செய்வதாக இருந்தால்?

“அண்ணி, அவர் பேசினதே இருக்கு,” என்றாள். “ஆனா உங்களைப் பத்திக் கொஞ்சம் இருக்கு. கோவிச்சுக்கக் கூடாது.”

போட்டாள்.

நாத்தனார் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார். குண்டு மனிதர் வந்தார். கூட்டம் சிரித்தது. “எங்கக்கா பாத்தா…” என்று தம்பி தொடங்கினார். நாத்தனாரின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அடுத்தது வந்தது, அதற்கடுத்தது வந்தது. மணியடிப்பவள் வந்தபோது உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பா அழுகையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“நிறுத்திடட்டுமா அண்ணி?”

“இரு.”

முழுவதையும் கேட்டார். மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது; கடைசிப் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

“என் எதிர்ல ஒரு வார்த்தை இப்படிப் பேசினதில்ல,” என்றார் கடைசியில். “வாயத் திறந்தா ‘சரிக்கா’, ‘இல்லக்கா’தான். என்னைக் கண்டா பயம். நான்தான் பயப்பட வச்சேன். இவ்வளவு வேடிக்கையா பேசுவான்னு எனக்குத் தெரியாம போச்சே. வளர்த்தது நான். கேட்டது நீ.”

அவள் நாத்தனாரின் கையைப் பிடித்தாள். அவர் விலக்கவில்லை.

“திரும்பப் போடு,” என்றார். “அந்த அலமாரியில இருந்து.”

*

நாடகத்துக்கு ஆறாவது சீசன் இல்லை என்று பிறகு செய்தி வந்தது. பீங்கான், “நல்ல வேளை” என்றாள். நாத்தனார் வெள்ளிக்கிழமை வருவதை நிறுத்தவில்லை. டிவி போடாமல் இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். சில வாரம் ரெக்கார்டிங் கேட்பார்கள், சில வாரம் கேட்க மாட்டார்கள். சோபாவில் நாத்தனார் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் வலது ஓரத்தை விட்டுத்தான் உட்காருவார். அவளும் உட்காரச் சொன்னதில்லை.

மாசக் கடைசியில் ஒரு நாள், முடித்த பல் செட்டைக் கொடுக்க ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போனாள். மத்தியானம். காத்திருக்கும் அறையில் கன்னம் வீங்கிய நாலைந்து பேர். சுவரில் டிவி. ஐந்தாவது சீசனின் மூன்றாவது எபிசோடு மறுஒளிபரப்பில் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

பெட்டியை வரவேற்பில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினாள். பின்னால் நூறு பேர் சிரித்து அடங்கினார்கள். சீறல் வந்தது. நிறுத்தம் வந்தது. அவர் சிரித்தார், முன்பின் தெரியாத ஒரு அறையில், பல்வலிக்காரர்களுக்கு நடுவே.

மூலையில் உட்கார்ந்திருந்த ஒருவர், பல்லே இல்லாதவர், அண்ணாந்து பார்த்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு தானும் சிரித்தார். எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது.

“வேற ஏதாவது வேணுமாக்கா?” என்று வரவேற்பில் இருந்த பெண் கேட்டாள்.

“இல்லம்மா. பஸ்ஸுக்கு நேரம் இருக்கு,” என்றாள் அவள். “கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன்.”